இடது கைக்கு ஒரு கம்புஸ்

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்ரா முடிஞ்சு, அதே டூர்ல இஸ்தான்புல்ல ரெண்டு நாள் தங்கியிருக்கோம். அம்மா சால்வை பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்து வாத்தியக் கடையில உனக்கு ஒரு கம்புஸ் பாக்கப் போனேன். இங்க அதை ஊத்னு சொல்றாங்க.

கடைக்காரர் ஃபோன்ல மொழிபெயர்த்துக் கேட்டாரு: "உங்க மகன் வலது கையால வாசிப்பாரா, இடது கையாலயா? இடதுன்னா தந்தியை எல்லாம் மாத்திக் கட்டணும்."



சின்னப் புள்ளையில நீ இடது கையால சோறு எடுத்தப்பல்லாம் கரண்டியால அடிச்சேன். அது நம்ம வழக்கம்லா, விடு. ஆனா மூணு வருஷம் முன்னாடி, ஈப்போ மண்டபத்துல உங்க அக்கா ரஸ்னா கல்யாணத்துல, நீ வாசிக்க உக்காந்தப்ப நான் மைக்கைப் பிடிச்சு, "என் மகனுக்குக் கம்புஸை ஒழுங்காப் பிடிக்கவே தெரியல, திருப்பி வச்சிருக்கான்"னு சொன்னேன். மண்டபமே சிரிச்சுச்சு. நீ அதைக் கீழ வச்சுட்டு எறங்கிப் போன. அந்த வாரமே தஞ்சோங் மாலிமுக்கு வேலைக்குப் போயிட்ட.

அப்படியும் பிடிச்சு வாசிப்பாங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

மாத்திக் கட்டச் சொல்லிட்டேன். நிஜமாவே இடது கைதானான்னு அவருக்குச் சந்தேகம். "மகன் எந்தக் கையால சாப்பிடுவாரு?"ன்னு கேட்டாரு.

நீ சாப்பிட்டு நான் பாத்து மூணு வருஷமாச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

இப்படிக்கு,
அத்தா