நூற்று அறுபத்திரண்டு கிலோவும் இரண்டு கைகளும்

குறிப்பு எண் 11,206
ஞாயிற்றுக்கிழமை, 3 மார்ச் 2019. காலை 6.40.

வீடு மாறும் நாள் உறுதியாகிவிட்டது: இம்மாதம் 16, சனிக்கிழமை. பொருள்களை ஏற்றி இறக்கும் பொறுப்பை என் மைத்துனன் பணிபுரியும் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். அவன் அங்கே மேற்பார்வையாளன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கோப்பையைக்கூட அவன் உடைத்ததில்லை என்று என் மனைவி, அதாவது அவனுடைய அக்கா, வாரத்துக்கு மூன்று முறை சொல்கிறாள். சென்ற வாரம் நான்கு முறை.

எடையளவு முத்திரை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவன் வீட்டிலிருந்து எடை தெரியாத பொருள் ஒன்றுகூட லாரி ஏறக் கூடாது. இன்று முதல் ஒவ்வொன்றாக எடை பார்த்துச் சீட்டு ஒட்டுகிறேன்.

எண் 11,210
வியாழன், 7 மார்ச். காலை 11.15.

எஃகு அலமாரி, துணிமணிகளுடன்: 162 கிலோ. மனைவி தராசில் ஏற மறுத்துவிட்டாள். “நான் என்ன லாரியிலயா வரப் போறேன்?” அவளுக்கான சீட்டு காலியாக இருக்கிறது.

எண் 11,213
ஞாயிறு, 10 மார்ச். மாலை 5.05.

மைத்துனன் வந்து பார்த்தான். இந்த வீடு முன்பு மருத்துவமனையாக இருந்ததால் வாசலில் படிகள் இல்லை. ஒன்பது மீட்டர் நீளச் சரிவுப்பாதை முற்றத்தில் போய் இறங்குகிறது. அதைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அலமாரியைக் காலி பண்ணி வைங்க அத்தான். அப்பவும் மேலே தூண்ல கயிறு ஒரு சுத்து சுத்தி, ரெண்டு பேர் புடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவோம். கீழே ஒரு ஈ, காக்கா நிக்கக் கூடாது. வெயிட்டு அத்தான், விட்டா பிச்சுக்கிட்டுப் போயிரும்.”

கனமான பொருள் அதிக வேகத்தில் இறங்கும் என்பது படிக்காதவர்களின் மயக்கம் என்றும், ஒரே சரிவில் கனமானதும் லேசானதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் இறங்கும் என்றும் விளக்கினேன்.

“அப்படியா?” என்றான். அந்த ‘அப்படியா’ எனக்குப் பிடிக்கவில்லை.

எண் 11,215
செவ்வாய், 12 மார்ச். காலை 9.30.

சோதனை செய்தேன். சரிவின் அடியில் மூன்று மெத்தைகளைச் சாய்த்து வைத்துத் தள்ளுவண்டியை மேலிருந்து விட்டேன். காலி வண்டி (14 கிலோ): 3.9 விநாடி. புத்தகப் பெட்டிகளுடன் (58 கிலோ): 3.8 விநாடி. மும்முறை விட்டும் மாற்றமில்லை. என் கூற்று நிரூபணமாயிற்று.

காலி வண்டி மோதியபோது மெத்தைகள் அசையவில்லை. புத்தக வண்டி மோதியபோது நாற்பது சென்டிமீட்டர் பின்னுக்குப் போயின. இது சோதனைக்குத் தொடர்பற்ற செய்தி. முழுமை கருதியே பதிகிறேன்.

அலமாரியைக் காலி செய்ய வேண்டியதில்லை.

எண் 11,219
சனி, 16 மார்ச். மாலை 4.15. புதிய வீடு.

கையெழுத்து நேராக இல்லை. காரணம் பின்வருமாறு.

9.35க்கு மெத்தைகள் லாரியில் ஏறின. 10.10க்கு அலமாரி தள்ளுவண்டியில் ஏறிச் சரிவின் தலையில் நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இருவர். அவர்களில் நெட்டையனை எல்லாரும் ஒட்டகம் என்கிறார்கள். அந்நேரம் தெருவில் லாரி யாருடைய வழியையோ மறித்து நிற்க, மைத்துனன் அதைக் கவனிக்கப் போனான். போகும்போது, “நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது” என்றான்.

நான் கடிகாரத்துடன் கீழே இறங்கி, விடும்படி கையசைத்தேன்.

“ஐயா, அண்ணன் வரட்டும்,” என்றான் ஒட்டகம்.

“பொருள் என்னுடையது. விடுங்கள்.”

விட்டார்கள். 3.8 விநாடி. சரியாக 3.8. நான் சொன்ன அதே—

ஆனா அது வந்த விதம்! இரும்பு. நேரே. என்னையே பாத்துக்கிட்டு. அதைப் புடிச்சு நிறுத்த ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுத்தான் நின்னேன். அப்புறம் நிக்கல. ஐயோ, எழுபத்தொரு வயசுல நான் அப்படிக் குதிப்பேன்னு யார் கண்டா?

முற்றத்தைத் தாண்டி, இரண்டு பூந்தொட்டிகளைத் தள்ளிவிட்டு, எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் காரில் முட்டி நின்றது. காரின் கதவு உள்வாங்கிவிட்டது. கார் அரையடி நகர்ந்தது. அலமாரிக்குச் சேதமில்லை.

மைத்துனன் ஓடிவந்தான். முதலில் என் கை கால்களைத் தடவிப் பார்த்தான். பிறகுதான் காரைப் பார்த்தான்.

எண் 11,221
திங்கள், 18 மார்ச். காலை 8.00.

பல் மருத்துவர் புகார் கொடுத்துவிட்டார். மைத்துனனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 25ஆம் தேதி விசாரணை. பாரத்தைக் கவனிப்பாரற்று விட்டான் என்று முடிவானால் வேலை போய்விடும். அவன் எழுதிக் கொடுத்த அறிக்கையில், ‘கயிறு நழுவிவிட்டது’ என்று மட்டும் இருக்கிறதாம். என் பெயரே இல்லை. ஒட்டகத்தையும் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறான்.

கயிறு நழுவியது உண்மைதானே? ஒருவர் சொல்லி நழுவியது, அவ்வளவே.

எண் 11,222
செவ்வாய், 19 மார்ச். காலை 7.10.

மனைவியிடமிருந்து தேநீர் வந்தது. பேச்சு வரவில்லை.

எண் 11,223
புதன், 20 மார்ச். பகல் 1.20.

பேச்சு வந்தது.

“அவன் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கறது உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. எனக்காக. கொஞ்சமாவது உறைக்குதா உங்களுக்கு?”

நேரக் கணிப்பில் பிழை எதுவும் இல்லை என்று நினைவூட்டினேன்.

“அந்த நேரத்தை எடுத்துத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குங்க!”

இரவு தூங்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. அந்த நாற்பது சென்டிமீட்டரை ஏன் பொருட்படுத்தாமல் விட்டேன்?

எண் 11,225
வெள்ளி, 22 மார்ச். மாலை 6.30.

மைத்துனன் வீட்டுக்குப் போனேன். வேலையில்லாத மனிதன் பகலில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பது எளிதன்று. நான் கேட்க வந்ததைக் கேட்டேன்: வேகம் ஒன்றென்றால் அலமாரி ஏன் நிற்கவில்லை?

அவன் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கூடத்துக்கு இழுத்து வந்தான். “இதைத் தள்ளிட்டு நிறுத்துங்க அத்தான்.” ஒரு விரலால் தள்ளி ஒரு விரலால் நிறுத்தினேன். “இப்போ நான் உக்காந்துக்கறேன்.” அவன் எடை, என் மதிப்பீட்டில், 94 கிலோ.

முதல் தள்ளலில் நாற்காலி அசையவில்லை. என் செருப்புகள்தாம் பின்னுக்கு வழுக்கின. தோளைக் கொடுத்துத் தள்ளினேன், கிளம்பியது, நடக்கும் வேகத்துக்கு வந்தது. “இப்போ நிறுத்துங்க!” பிடித்தேன். பிடித்தபடியே நானும் போனேன். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு இருவரும் உள்ளே நுழைந்தோம்.

“வயசு என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?” என்றாள் அவன் மனைவி, கரண்டியைக் கீழே வைக்காமல்.

மைத்துனன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: “வேகம் ஒண்ணுதான். நீங்க சொன்னது சரி. ஆனா கிளப்பறதுக்கும் நிறுத்தறதுக்கும் யாராவது வேணுமே. அந்த வேலைதான் அத்தான் எனக்கு.”

என் முன் முப்பத்து நான்கு ஆண்டுகள் வந்த பொருள்கள் யாவும் தட்டில் அசையாமல் உட்கார்ந்தவை. எடையென்றால் முள் காட்டும் எண் என்றே இருந்துவிட்டேன்.

“ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“சொன்னா ஆபீஸ் பூரா உங்களை வச்சுச் சிரிப்பானுங்க. நான் சிரிக்கலாம், அவனுங்க சிரிக்கலாமா?”

எண் 11,226
சனி, 23 மார்ச். காலை 10.50.

எட்டு வரைவுகளைக் கிழித்துவிட்டேன். எட்டிலும் முதல் பத்தியிலேயே 3.8 விநாடி வந்து நிற்கிறது.

எண் 11,228
திங்கள், 25 மார்ச். பகல் 12.40.

விசாரணை 11 மணிக்கு. அழைப்பின்றி 10.40க்குப் போய் அமர்ந்தேன்.

“நீங்க யாரு?” என்றார் மேலாளர்.

“அலமாரியின் உரிமையாளர். விபத்தின் உரிமையாளரும் நானே. இவன் அசையக் கூடாதென்று சொல்லிவிட்டுப் போனான். நான் விடச் சொன்னேன். தடுத்த ஆளையும் அதட்டினேன்.”

நாற்பது வருஷமா யார்கிட்டயும் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல.

மேலாளர் மைத்துனனைப் பார்த்தார். “இதை ஏன்யா நீ சொல்லல?”

அவன் மேற்கூரையைப் பார்த்தான். “எங்க அத்தான், சார்.”

மேலாளர் தலையாட்டினார். அவருக்கும் ஓர் அத்தான் இருக்க வேண்டும்.

எண் 11,230
புதன், 27 மார்ச். காலை 9.05.

மைத்துனன் நாளை வேலைக்குத் திரும்புகிறான். கோப்பில் வைக்க எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார்கள். மனைவி தேநீரோடு வந்து, நான் கேட்காமலேயே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி படித்தாள். அனுப்பியதன் நகல்:

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

16.03.2019 அன்று காலை சுமார் 10.10க்கு நிகழ்ந்த விபத்து முழுக்க என் தவறு. பொருளின் எடையை நான் துல்லியமாக அறிந்திருந்தேன். அதை நிறுத்த என்ன தேவைப்படும் என்பதை அறிந்திருக்கவில்லை. உங்கள் மேற்பார்வையாளர் அறிந்திருந்தார், நான் கேட்கவில்லை. பல் மருத்துவரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காரின் கதவை என் செலவில் சரிசெய்கிறார்கள்.

இணைப்புகள்:

1. 12ஆம் தேதிச் சோதனையின் அளவுகள், மெத்தை நகர்ந்த தூரம் உட்பட (அடிக்கோடு என்னுடையது).

2. முற்றத்தின் வரைபடம். பெருக்கல் குறி நான் நின்ற இடம். புள்ளிக்கோடு நான் சென்ற வழி.

3. கயிற்றைப் பிடித்திருந்த ஊழியரின் வாக்குமூலம். ‘ஐயா கத்தினார்’ என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. என் மனைவியின் சாட்சியம், நான்கு பக்கங்கள். விபத்து குறித்தது முதல் பக்கம் மட்டும். எஞ்சிய மூன்றும் எங்கள் மணவாழ்க்கை பற்றியவை. அவற்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்கிறாள். படித்துப் பார்த்தேன். திருத்த ஏதுமில்லை.