மகளுக்கு மூக்கு ஒப்பரேசன்

செவ்வாய் இரவு, கொட்டாஞ்சேனை

கொரோனாவுக்குப் பிறகு எங்கட கிளினிக்கில கூட்டம் குறையிறதே இல்லை. ஒன்லைன் வகுப்பு, ஒன்லைன் வேலை எண்டு ஸ்கிரீனில தங்கட முகத்தையே பார்த்துப் பார்த்து, மூக்கையும் வாய்க்குக் கீழ நாடியையும் ஒப்பரேசன் செய்து மாத்த வருகினம். பேர் பதியிறது நான்தான். இண்டைக்கு அந்த வரிசையில மாஸ்க்கோட என்ர மகள் நிண்டாள்.

"ஷாலினி, நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

"மூக்கைக் காட்ட வந்தனான் அம்மா. பதினெட்டு முடிஞ்சுது, உங்கட கையெழுத்துத் தேவையில்லை."

"மயக்க மருந்து குடுத்து வெட்டுறது பிள்ளை. விளையாட்டில்லை."

"மற்றாக்களுக்கு மட்டும் சின்ன ஒப்பரேசன் எண்டு சொல்லுறீங்கள்?"

அவளின்ர பேரையும் பதிஞ்சன். டொக்டர் வெள்ளிக்கிழமைக்குத் திகதி குடுத்திட்டார். எத்தினை பேரிட்டக் கையெழுத்து வாங்கின படிவம்! இண்டைக்குத்தான் அதை முழுக்க வாசிச்சன். மயக்கத்தில இருந்து எழும்பாமலும் போகலாம் எண்டு ஒரு வரி இருக்கு.

வீட்டில சாப்பிடேக்க அவள் மெதுவாக் கேட்டாள், "வெள்ளிக்கிழமை லீவு போட்டிட்டு என்னோட நிப்பீங்களா அம்மா?" கையைப் பிடிச்சன், சில்லிட்டிருந்தது. ஒப்பரேசன் வேண்டாம் எண்டு சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.