மிதுஷா தேடும் குரல்

அன்பு மகன் கார்த்திகனுக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே ஆயர் ஈத்தாமில் நானும் உன் மகள் மிதுஷாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் ஐந்தாம் வகுப்புத் தமிழில் எழுதுகிறேன், பிழை பார்க்காமல் படி.

பெற்றவள் துளசி நம்மை விட்டுப் போனதிலிருந்து பிள்ளை கேட்பது ஒரே ஒரு வெள்ளைக்காரப் பாடகியைத்தான். வார்த்தை கிடையாது, மூச்சு, முனகல், நடுவில் கீறுகிற மாதிரி ஒரு கூவல். அந்தப் பெண் இனிப் பாடுவதில்லை என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அவளைப் போல இன்னொரு குரல் வேண்டும் என்று இவள் போனைத் தடவியபடியே கிடக்கிறாள், அது எதையெதையோ எடுத்துக் கொடுக்கிறது, கொஞ்சம் கேட்டுவிட்டுத் தள்ளிவிடுகிறாள். இது அழகா இருக்கு அப்பம்மா, அதான் வேண்டாம் என்கிறாள். என் பேத்தியின் காது அப்படி, அதில் எனக்குப் பெருமைதான், ஆனால் சோறு இறங்கவில்லையே, துளசியின் வளையல் அவள் முழங்கை வரை ஏறுகிறது. லிட்டில் இந்தியாவில் பாட்டுக் கடை வைத்திருக்கும் சிக்கந்தரிடம் கூட்டிப்போனேன். அவன் கேட்டுவிட்டு, பாட்டு இல்லம்மா இது, பல்லு புடுங்குற சத்தம்லா என்றான். பிள்ளை சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

போன வாரம் நம் அடுக்குமாடி புளோக் கீழே ஒரு சீனர் வீட்டுச் சாவு. கூடாரம், தாளம், ஊதுகுழல். நான் ஜன்னலைச் சாத்தினேன், அவள் திறந்தாள். வெளிநாட்டிலிருந்து பிந்தி வந்த மகள் கூடார வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் தவழ்ந்துகொண்டே கதறினாள், பிந்தி வந்த பிள்ளை அப்படித்தான் வர வேண்டுமாம். மிதுஷா என் கையைப் பிடித்து இதுதான் அப்பம்மா, இதுதான் என்றாள். அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது எந்த புளோக்கில் கூடாரம் போடுகிறார்கள் என்று நானே எட்டிப் பார்க்கிறேன், கடவுள் மன்னிக்கட்டும்.

துளசியைச் சுடுகாட்டுக்கு எடுத்த மறுநாள்தான் உன்னால் வர முடிந்தது. பரீட்சை வருகிறது, அழக் கூடாது என்று அவளிடம் சொன்னாய். கெட்டிக்காரி, சொன்னபடி கேட்டாள், எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாள், இன்றுவரை அழவில்லை. இப்போது அந்தக் கதறல் குரலைக் குளியலறையில் தன் தொண்டையிலேயே போட்டுப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு நோர்மா ஓடிவந்து யாருக்கு என்னாச்சு என்று கதவைத் தட்டினாள். ஆண்டுத் திவசத்தன்று அம்மா படத்துக்கு முன்னால் பாடப் போகிறாளாம். டாக்டரிடம் காட்டச் சொன்னாய், காட்டுகிறேன். போனைப் பிடுங்கச் சொன்னாய், அதைச் செய்ய மாட்டேன்.

திவசம் அடுத்த மாதம், லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். அப்பனும் மகளும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிறேன். நீ தவழ்ந்து வர வேண்டாம் தம்பி, பிளேனில் வந்தால் போதும். வந்து, அவள் பாடி முடிக்கும் வரை எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் அம்மா,
பத்மாவதி