கடைமடையில் உன் குரல்

இன்று காலை மன்னார்குடி பஸ்ஸில் உன் குரல் கேட்டது. எனக்குப் பின் சீட்டிலிருந்து, தெளிவாக: "தண்ணி வந்துருச்சுடோய்!" ஷார்ஜாவில் அடக்கம் செய்யப்பட்டவன் திருவாரூர் ரோட்டில் எப்படிக் கத்துவான்? திரும்பிப் பார்த்தேன். பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, போனில் நம் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதே தெரியவில்லை.

உன் அத்தாவின் பாத்திரக்கடை மாடியில் நீ, நான், செல்வி, மூன்றே பேர். நீ வரைவாய், நான் நிரல் எழுதுவேன், ஆட்டம் எப்படிப் போக வேண்டும் என்று செல்வி வகுப்பாள். மதகுகளைத் திறந்து மூடி ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலின் கடைசியிலிருக்கும் கடைமடை வயல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், சேர்ந்ததும் நீ பதிவுசெய்து வைத்த கத்தல் கேட்கும், அவ்வளவுதான் விளையாட்டு. எங்களுக்கு அது போதவில்லை. நான் வெள்ளம் வேண்டும் என்பேன், செல்வி மாட்டுச்சந்தை வேண்டும் என்பாள். நீ தலையைச் சொறிந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்பாய்.

"சரி, அதுக்குப் பதிலா எதை எடுக்கப் போற?"

பதில் சொல்லாதவரை எதுவும் உள்ளே வராது. இருக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் நடவு என்று பெரிய மிராசுதார் மாதிரி பேசுவாய். உங்கள் வீட்டில் ஒரு குழி நிலம் கிடையாது.

ஒருநாள் நாங்கள் மாடியேறி வந்தால் பூம்புகாரைக் காணோம். ஆறு கடலில் சேரும் கடைசிக் கட்டம், படகும் அலையுமாக நீயே மாதக்கணக்கில் வரைந்தது. கூடவே திருவிழாவும் மழைக்காலமும் போயிருந்தன. பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். செல்வி அழுதேவிட்டாள். கடைசியில் நீ வாயைத் திறந்தாய்.

"விசா வந்துருச்சுடா. அடுத்த வாரம் கிளம்புறேன்."

அப்போதுதான் உறைத்தது. நீ எடுத்ததெல்லாம் நீ இருந்தால்தான் முடியக்கூடியவை. எங்கள் இருவர் கைக்கு அடங்குவதை மட்டும் விட்டுவைத்திருந்தாய். நீ போன பிறகு விளையாட்டை முடித்து வெளியிட்டோம். வெளியிட்ட அதே வாரம் உன் மச்சான் ஷார்ஜாவிலிருந்து போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டாயாம், நெஞ்சுவலியாம். உன் வயதுக்கா? இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே நாங்கள்.

இப்போது புதுப் பதிப்பு வேலை நடக்கிறது. உன் நினைவாகப் பூம்புகாரைத் திரும்பச் சேர்க்கிறோம் என்று ஆரம்பித்தோம். யார் வரைந்தாலும் உன் அலை வரவில்லை, வேலை இழுத்துக்கொண்டே போகிறது. உன் குரலை எடுத்துவிட்டு மணிச்சத்தம் வைத்துவிடலாம் என்றும் நான்தான் சொல்லியிருந்தேன். சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் நீ கத்துவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பஸ்ஸில் அந்த அம்மாவிடம், விளையாட்டு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"இந்தப் புள்ள கத்துறதக் கேக்கத்தான் தம்பி விளையாடுறேன். வயலுக்குத் தண்ணி வந்தா எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கத்துவாரு. அவரு போயிச் சேந்துட்டாரு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டோரம் நின்றே செல்விக்குப் போன் போட்டேன். குரல் இருக்கட்டும் என்றேன்.

"அதுக்குப் பதிலா எதை எடுக்கப் போற?" என்றாள். வேண்டுமென்று கேட்கவில்லை, உன்னிடமிருந்து எங்களுக்குத் தொற்றிய பழக்கம் அது.

"பூம்புகாரை," என்றேன்.

மாடிக்கு வந்து நானே எடுத்தேன். நீ எப்படி அதை அன்றைக்கு ஒற்றை ஆளாகச் செய்தாய் என்று தெரியவில்லை. இப்போது கடைசி மதகைத் திறந்துவிட்டிருக்கிறேன். தண்ணீர் கடைமடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போனில் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருக்கிறேன். கத்துடா.