வெறும் வயிற்றோடு மூன்று சுற்று

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், மாமா சுகம், நானும் சுகம். என் சுகத்துக்கு மட்டும் இப்போது டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. நீ அங்கே நன்றாக இருக்கிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா? போன வாரம் போனில் உன் அம்மா, அப்பா பூங்காவில் கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று உன்னிடம் சொன்னாளாம். நான் வழுக்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் ரிப்பேருக்குக் குழிக்குள் இறங்கி ஏறுகிறவன், எண்ணெய் சிந்திய தரையில் நடக்கிறவன், காய்ந்த மண்பாதையில் வழுக்கி விழுந்தான் என்று வெளியே தெரிந்தால் என் மானம் என்ன ஆவது. நான் மயங்கி விழுந்தேன். நீ பயப்படுவாய் என்று அவள் மறைத்தாள். ஆனால் மாமா வாயில் எதுவும் தங்காதே, அவன் பாதியைச் சொல்லித் தொலைத்து, நீ "என்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு" என்று அவனிடம் அழுதாயாமே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் எனக்குப் பதிலாக உன் அம்மா பேசிவிடுவாள், கடிதத்தில் அவளால் குறுக்கே வர முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கம்பெனியில் வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதித்து, சரியாக இருப்பவனைத்தான் குழிக்குள் இறங்க விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் கம்பெனி டாக்டர் என் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டு மறுமுனையைப் பிடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. "அடுத்த தடவை இதோட வந்தா லிஃப்ட்டுக்குத்தான் ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதம் முன்னால் அதை நான் உன்னிடம் சொல்லிச் சிரித்தபோது நீ சிரிக்கவில்லை, "காலையில எதுவும் சாப்பிடாம ஓடுங்கப்பா, உள்ள இருக்கற கொழுப்பை எடுத்து உடம்பு எரிச்சுக்கும், நான் அப்படித்தான் ஓடறேன்" என்றாய். நானும் அடுத்த நாளே அலமாரிக்கு மேலிருந்த பழைய கேன்வாஸ் ஷூவைத் தூசி தட்டி எடுத்தேன். இது கீழ்வீட்டில் இருக்கும் உன் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பேக்கரிக்காரன் அல்லவா, வெறும் வயிறு என்று யாராவது சொன்னாலே அவனுக்குத் தன் தொழிலைத் திட்டியது மாதிரி. "பெட்ரோல் போடாம வண்டியை உருட்டுவீங்களா அத்தான்" என்று கேட்டு, எனக்குப் போட்டியாக அவனும் ஓடக் கிளம்பினான், எப்படி என்றால் வெண்ணெய் தடவிய இரண்டு பன், இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், இதெல்லாம் உள்ளே போன பிறகு. உன் அம்மா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "ஒருத்தர் பட்டினி, ஒருத்தன் விருந்து, ரெண்டு பேரும் ஆம்புலன்ஸ் நம்பரை மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க" என்றாள். அவள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். சர்க்கரை என்றதும் நினைவுக்கு வருகிறது, உனக்குத் தெரியாத சங்கதி இங்கேதான் இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, கண்ணு. நீ ஓடச் சொன்னதற்கு மூன்று மாதம் முன்னாலேயே தெரியும். அடிக்கடி தண்ணீர் தாகம், அடிக்கடி பாத்ரூம், ஒருநாள் ஒன்பதாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவசரம் தாங்காமல் அந்த வீட்டுக் கிழவியிடம் கெஞ்சி உள்ளே போக வேண்டியதாயிற்று. பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன கிளினிக்குக்கு யாருக்கும் சொல்லாமல் போனேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதை உன் அம்மாவிடம் சொன்னால் கம்பெனிக்குச் சொல்லச் சொல்வாள், கம்பெனிக்குச் சொன்னால் குழிக்குள் இறங்காதே என்பார்கள், குழிக்குள் இறங்காமல் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மாத்திரையை என் டூல்ஸ் பெட்டியில் பழைய ஃபியூஸ் டப்பாவுக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். காலையில் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, திருடன் மாதிரி ஒன்றை விழுங்குவேன், வெளியே வந்து சாப்பிட உட்காருவேன். மூன்று மாதம் ஒரு வம்பும் இல்லை. நீ சொன்ன பிறகு மாத்திரையை வழக்கம்போல விழுங்கினேன், சாப்பாட்டை மட்டும் ஓட்டம் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதல் வாரமே கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆகா, கொழுப்பு கரைகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு பெரிய முட்டாளுக்கு இவ்வளவு கெட்டிக்காரப் பெண் எப்படிப் பிறந்தாள் என்று உன் அம்மா இப்போது தினமும் கேட்கிறாள், பாராட்டு உனக்குத்தான்.

விழுந்த நாளன்று எனக்கும் மாமாவுக்கும் பந்தயம். பூங்காக் குளத்தைச் சுற்றி நாலு சுற்று, தோற்றவன் உன் அம்மா முன்னால் நின்று "என் கொள்கை தப்பு" என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் மாமா முன்னால் போனான். இரண்டாவது சுற்றில் அவன் முகம் வெண்ணெய் நிறத்துக்கு மாறியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்பைத் தொட்டியை நோக்கிப் போனான், போனவன் தொட்டிக்குள் தலையை விட்டபடியே நின்றான். பன் போன வழியிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு குஷி, அவனைத் தாண்டும்போது கையைத் தட்டிவிட்டுப் போனேன். மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தேன், இரண்டு மச்சான்கள் தெரிந்தார்கள். ஒருவனையே சமாளிக்க முடியவில்லையே என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அன்று காலை புதிதாக நட்டு நீர் ஊற்றிய பூச்செடிகளின் மேல் குப்புறக் கிடந்தேன். பூங்காத் தோட்டக்காரம்மா மண்வெட்டியோடு ஓடி வந்து, "அம்பது செடிய்யா, கண்ணு தெரியலையா" என்று கத்தியிருக்கிறாள். நான் தலையைத் தூக்கி அவளிடம் "எத்தனாவது மாடிம்மா போகணும்" என்று கேட்டேனாம். இதை மாமா இந்தத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் கையைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று ஈரமாக இருந்திருக்கிறது. "சர்க்கரை இறங்கிப் போச்சு, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும், இவரு மாத்திரை போடறவரா" என்று மாமாவைக் கேட்டாள். மாமா வாயைத் துடைத்துக்கொண்டே, "இவருக்கு ஒண்ணும் இல்லைம்மா, கல்லு மாதிரி ஆளு" என்றான். எனக்கு அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. "போடறேன்" என்றேன். மூன்று மாதமும் அதற்கு மேல் இரண்டு மாதமும் யாரிடமும் சொல்லாததை, செடியை நசுக்கியதற்காக என்னை அடிக்க வந்த ஒருத்தியிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, தன் பிளாஸ்கிலிருந்த இனிப்புத் தேநீரில் இன்னும் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்து வாய் வாயாகக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் மச்சான் ஒருவனாகிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு உன் அம்மா தையல் கடையிலிருந்து நேராக வந்தாள், டேப் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கால்சட்டை இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். "அஞ்சு மாசத்துல உங்க கால்சட்டையை மூணு தடவை பிடிச்சுத் தைச்சிருக்கேன். ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை. இவருக்கு என்ன பெரிய வியாதியோ, சொல்ல மாட்டேங்கறாரேன்னு ஒவ்வொரு தையலுக்கும் வயித்துல நெருப்பு. கேட்டா அந்தப் பேரைச் சொல்லிடுவீங்களோன்னு கேக்கவும் பயம்" என்றாள். பிறகு, "வெறும் சர்க்கரைதானா" என்று கேட்டுவிட்டு அழுதாள். வாலு, முப்பது வருஷத்தில் அவள் என்னை எத்தனையோ திட்டு திட்டியிருக்கிறாள், ஒன்றுகூட இப்படி உறைக்கவில்லை. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், அவனுக்கும் கண் கலங்கியிருந்தது, வாந்தி எடுத்ததால் என்று சொல்லிக்கொண்டான்.

டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பாள். மாமா அவளிடம் போய், சாப்பிட்டு ஓடுவது சரியா சாப்பிடாமல் ஓடுவது சரியா, தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நின்றான். அவள் என்னைப் பார்த்து, "இந்த மாத்திரையை முழுங்கிட்டு சாப்பிடாம ஓடினா இதான் நடக்கும். உங்களுக்கு வெறும் வயிறு கிடையாது. மாத்திரையை மாத்தித் தரேன், ஆனாலும் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுட்டு, சர்க்கரை எவ்வளவுன்னு குத்திப் பாத்துட்டு, பையில இனிப்போடதான் கிளம்பணும்" என்றாள். மாமாவைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டது காலை நடைக்கில்லை, கல்யாணத்துக்கு. அவ்வளவு சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் சும்மா இருங்க" என்றாள். உன் அம்மா, தான் இருபது வருஷமாக ஒரு வாய் தண்ணீரோடு கடைக்கு நடந்து போவதாகச் சொன்னதற்கு, "உங்களுக்கு அது ஒத்துக்கிட்டா அப்படியே போங்கம்மா, கொழுப்பு எந்த வேளையில எரியுதுங்கறதைவிட நாள் முழுக்க என்ன சாப்பிடறோம்ங்கறதுதான் முக்கியம்" என்றாள். ஆக, பந்தயம் கட்டாத ஒரே ஆள் ஜெயித்தாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஆட்டோவில் நாங்கள் இருவரும் மாறி மாறி எங்கள் கொள்கை தப்பு என்று அவளிடம் சொன்னோம், ஓட்டுநரும் ஒருமுறை சேர்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை நானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். சர்க்கரை நிலைப்படும் வரை ஆறு மாதத்துக்குக் குழி இல்லை, அவசர போன் மேஜை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் என் குரல் கேட்கும். முதல் இரண்டு நாள் நாற்காலியில் முள் இருப்பது போலத்தான் இருந்தது. மூன்றாவது நாள் ஒருவர், மாமியாரோடு மாட்டிக்கொண்டதாகவும் சீக்கிரம் ஆள் அனுப்பாவிட்டால் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். பின்னாலிருந்து மாமியாரும் அதையே சொன்னார். அந்த வேலையும் ஒன்றும் மோசமில்லை.

இப்போது நீ கேட்டுக்கொள். நீ தப்பாக எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாத, மாத்திரை போடாத அப்பாவுக்குச் சொன்னாய், அப்படி ஒரு அப்பா உனக்கு இல்லை என்பதை நான் உனக்குச் சொல்லவில்லை. உன் தாத்தா, என் அப்பா, அவரும் இப்படித்தான். அவர் போன பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மெத்தைக்கு அடியில் பார்த்துத்தான் அவருக்குச் சர்க்கரை இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதே கோபத்தை உனக்கு வைத்துவிட்டுப் போக இருந்தேன் பார், அதை நினைத்தால்தான் மயக்கம் வருகிறது. என் மூக்கும் குறட்டையும் உனக்கு வந்திருக்கின்றன, இதுவும் வரலாம். இந்த வாரமே ரத்தத்தைக் கொடுத்துப் பார். அதற்கு மட்டும் வெறும் வயிற்றோடு போ. எண் எதுவாக இருந்தாலும் ஒளிக்காமல் சொல், நல்ல எண் என்றாலும் சொல்.

எப்போதும் சிரித்த முகமாக, நல்ல உடம்போடு, நீண்ட காலம் நன்றாக இரு. உன் அம்மாவின் அன்பும் மாமாவின் அன்பும் இதற்குள் இருக்கின்றன. இன்று மாலை அம்பது பூச்செடி வாங்கிக்கொண்டு நானும் மாமாவும் பூங்காவுக்குப் போகிறோம், அந்த அம்மா எங்கே நடச் சொல்கிறாளோ அங்கே நட வேண்டும்.

என்றும் உன் மேல் பாசமுள்ள,
அப்பா