நானூற்றுப் பன்னிரண்டு வார்னிங்

மார்ச் 4, செவ்வாய்

கோடில் தப்பு தேடும் என் செக்கரை இன்று எங்கள் மென்பொருளின் முழுக் கோடின் மேலும் ஓடவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு வார்னிங்.

ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதியது. புரோகிராமை ஓட்டவே வேண்டாம். கோடை வாசித்தே, ஃபைலை எங்கே தப்பாகத் திறக்கிறோம், எங்கே மூட மறக்கிறோம், எழுதியது டிஸ்க்கில் போய்ச் சேர்ந்ததா என்று எங்கே கேட்காமல் விடுகிறோம் என்று சொல்லிவிடும். சொன்னது. யாருக்கும் பிடிக்கவில்லை.

எதிர் மேஜைத் தாடி, "வருஷக்கணக்கா ஓடுற கோடு. உங்க செக்கருக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றான். மேலாளர் இரண்டு வாரம் கெடு வைத்திருக்கிறார். அதற்குள் எண்ணிக்கை பூஜ்யம் ஆகாவிட்டால் செக்கரை நிறுத்திவிடுவாராம். தப்பு கோடில், தண்டனை செக்கருக்கா?

மார்ச் 5, புதன்

தங்கை போனில் அழுதாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் எங்கள் மென்பொருள்தான். போன சனிக்கிழமை காலை எடுத்த முப்பத்தெட்டுப் பேரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காணோம். அத்தனை பேரும் திரும்ப வந்து ஊசி குத்திக்கொள்ள வேண்டும். சேமிக்காமல் எழுந்து போய்விட்டாள் என்று இவளுக்கு மெமோ. 21ஆம் தேதி விசாரணை. வேலையே போகலாம்.

"சேவ் அழுத்தினேன்க்கா. 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

நல்லா ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் வைத்துவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

பூஜ்யம்! மூன்றே நாளில்.

எப்படி என்று போய்ப் பார்த்தேன். வார்னிங் வரும் வரிக்குப் பக்கத்தில் 'பார்த்தாச்சு' என்று எழுதி, பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் அந்த வரியைச் செக்கர் விட்டுவிடும். என்னுடையதற்கு முன்னால் இருந்த பழைய செக்கர் காலத்திலிருந்தே எங்கள் குழுவில் இதுதான் வழக்கம். உண்மையிலேயே பார்த்து, பரவாயில்லை என்று தெரிந்த இடத்துக்காக வைத்தது. என் செக்கரும் அதை மதிக்கும்படி நானேதான் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். தாடி மட்டும் நூற்று அறுபது, டீ நேரத்துக்கு முன்னால்.

பார்த்தாச்சாம். என்னத்தைப் பார்த்தீங்க?

மேலாளர் எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 8, சனி

தோசைக்கரண்டியைத் தேடுவதுபோல் சமையலறையில் நின்றுகொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "உன் தங்கச்சி பொய் சொல்ற ஆளா?"

"பொய் இல்ல. மறந்திருக்கலாம்."

"அவதான் மறப்பாளா? உங்க மென்பொருள் மறக்காதா?"

ஒன்பது வருஷமாக அதைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். இவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பொறுமையெல்லாம் வீட்டில் என்னைக் குத்திக்காட்டத்தான் உதவுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஒருவேளை நம் பக்கம் தப்பு இருக்கலாம் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்காரங்க தப்பை நாம ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கணும்?" போய் வேலையைப் பார் என்று அர்த்தம்.

மார்ச் 12, புதன்

'பார்த்தாச்சு'வை மதிக்காதே என்று மாற்றி ஓட்டினேன். நானூற்று முப்பத்தொன்று.

பத்தொன்பது கூட. பழைய செக்கர் காலத்தில் போட்ட 'பார்த்தாச்சு'கள். அதனால்தான் என் செக்கர் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவது, பரிசோதனை முடிவுகளைச் சேமிக்கும் இடம்.

ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அன்றைய ஃபைலை அழித்துவிட்டு அன்றைய எல்லா முடிவையும் புதிதாக எழுதுகிறது. டிஸ்க்கில் இடமில்லை என்றால் ஃபைலை மூடும்போதுதான் அது தெரியவரும். மூடும் ஃபங்ஷன் 'முடியவில்லை' என்று பதில் தரும். அந்தப் பதிலைக் கேட்க அங்கே ஆளில்லை. அடுத்த வரியிலேயே 'சேமிக்கப்பட்டது'.

பக்கத்தில் 'பார்த்தாச்சு'. பெயரின் முதல் எழுத்து என்னுடையது.

மார்ச் 13, வியாழன்

டிஸ்க்கை நிரப்பிவிட்டுச் சேவ் அழுத்தினேன். 'சேமிக்கப்பட்டது' என்றது. ஃபைலைத் திறந்தேன். காலி.

அந்த ஆஸ்பத்திரிக்குக் கேட்டு எழுதினேன். அந்தச் சனிக்கிழமை அங்கே டிஸ்க் நிரம்பித்தான் இருந்திருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வரியை எழுதியது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் வெளியீடு, எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃபைலை மூடுறது எங்கே தோத்துப்போகப் போகுதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். தாடியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 14, வெள்ளி

தங்கையிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

"என்னை மூணு தடவை கேட்டியே. உன் மென்பொருளை ஒரு தடவை கேட்டியா?"

கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குக் கடிதம். 'மிக அரிதான சூழ்நிலை'ன்னு போடலாமே என்றார் மேலாளர். போடமாட்டேன் என்றேன். ஊழியர் சேமித்தார், எங்கள் மென்பொருள் சேமிக்காமலே சேமித்ததாகச் சொன்னது, அந்த வரியை எழுதியது நான் — இவ்வளவுதான் கடிதம். விசாரணை வெள்ளிக்கிழமை, அன்று நானே நேரில் போய்ச் சொல்வேன் என்றும் சொன்னேன். மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கைதான் வலித்தது போலிருந்தது அவர் முகம்.

தாடிக்கு விஷயம் எட்டியிருக்கிறது. மேஜைக்கு வந்து, "என் நூத்தி அறுபதையும் எனக்கே அனுப்பிடுங்க, பார்க்கிறேன்" என்றான். கிண்டல் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

விசாரணையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் மெமோ வாபஸ். தங்கை இவருக்குப் போன் செய்து சொன்னாள். எனக்குச் செய்யவில்லை. அழுகை வந்தது, என்ன உரிமையில் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

திருத்திய மென்பொருள் நேற்றுதான் அவள் லேபுக்குப் போனது. இன்று மதியம் போன். அவளேதான்.

"'சேமிக்க முடியவில்லை'ன்னு வந்துச்சு. டிஸ்க் ஃபுல்லாம். ஒன்பது பேரோட ரிசல்ட். திரையில இருக்கும்போதே எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன்."

"அப்போ அவங்க யாரும் திரும்ப வர வேண்டாம்?"

"வேண்டாம்" என்றாள். பிறகு, "இனிமே அது சொல்றதை நம்பலாமாக்கா?"

நானூற்று முப்பத்தொன்றில் இருநூற்று ஆறு இன்னும் பார்த்துத் திருத்தப் பாக்கி.

"இப்போதைக்கு நம்பாதே" என்றேன். "எழுதியே வச்சுக்கோ. நம்பலாம்கிற அன்னிக்கு நானே சொல்றேன்."

"சரி" என்றாள். ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.