போட்டோவில் தெளிந்த முகம்

கோவில்பட்டி,
22.8.1999

அன்புள்ள அத்தானுக்கு,

ராஜமணி வணக்கத்துடன் எழுதுவது. மஸ்கட் வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே இன்னும் மழை இல்லை. உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடக்கிறது.

சித்திரையில் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "முகம் நல்லா உருண்டு தெளிஞ்சிருக்கு, வேளாவேளைக்குச் சாப்பிடுத போல, இப்பத்தான் எனக்கு நிம்மதி" என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வராமல்தான் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. அத்தான், அது சதை இல்லை. மாத்திரையால் வந்த வீக்கம்.

மூன்று வருஷம் முன்பு நீங்கள் லீவில் வந்தபோது, விரல் மடங்காமல் நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகாமல் கிடந்தேனே. யாருக்கோ இதில் வலி கேட்டது என்று மெடிக்கலில் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கி வந்தீர்கள். மூன்றாம் நாளே குடம் தூக்கினேன். "ஏட்டி, இனி கிணத்தையே தூக்கிருவ போலயே" என்று சிரித்தீர்கள். நீங்கள் போன பிறகும் பழைய அட்டையைக் காட்டிக் காட்டி வாங்கினேன். எதற்கென்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஓயாத தாகம். காலில் குத்திய முள்ளுக்காயம் ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை. பக்கத்து வீட்டு மாடத்தி அக்காதான் திருநெல்வேலிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா என் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். மாத்திரையை வாங்கிப் பார்த்தார். "இது ஸ்டீராய்டும்மா. வருசக்கணக்கா சாப்பிட்டதுல சுகர் வந்திருக்கு. ஆனா சட்டுனு நிறுத்திராதீங்க, நான் கொஞ்சங்கொஞ்சமா குறைக்கேன்" என்றார்.

எனக்கு சுகர் என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. வரும் வழியில் கயத்தாற்றில் பஸ் நின்றபோது மாத்திரை முழுவதையும் ஜன்னல் வழியாகச் சாக்கடையில் கொட்டினேன். மாடத்தி அக்கா திட்டினாள், கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்து மயங்கி விழுந்துவிட்டேன். ஃபோர்மேன் காசிராஜன் அண்ணாச்சி வேன் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்களாம். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை இத்தனை வருஷம் மாத்திரையே கொடுத்ததால், உடம்பு அதை மறந்துவிட்டதாம்.

எனக்கு நினைவு வந்ததும் நர்ஸ், "கூட யாரும்மா இருக்கா?" என்று கேட்டது. உங்கள் பெயரைச் சொன்னேன். "எங்க, வரச்சொல்லுங்க" என்றது. மஸ்கட் என்றேன். அந்தப் பிள்ளை எழுதியதை அடித்துவிட்டு மாடத்தி அக்கா பெயரை எழுதியது.

ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். தினம் இரண்டு வேளை இன்சுலின், நானே போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றி வைத்த கஞ்சி ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். இப்போது பழகிவிட்டது. மருந்து வெயிலில் கெடாமல் ஈரமணல் சட்டியில் வைத்திருக்கிறேன். கால்புண் காய்கிறது. ஆஸ்பத்திரியில் அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். குறைக்கக் குறைக்க விரல்வலி திரும்பி வருகிறது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள்.

நீங்கள் வாங்கித் தந்ததால்தானே என்று மட்டும் நினைக்காதீர்கள். தெரிந்தா செய்தீர்கள்? என் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கி வந்தீர்கள். எனக்காக ஒருத்தர் அப்படிப் பதறி ஓடியதை நான் மறக்கவில்லை.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக அந்த ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை.

செண்பகவல்லி அம்மன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
ராஜமணி